ஊமையான ஒலிவாங்கி
வீட்டில் செய்த மின்தேக்கி ஒலிவாங்கியின் குறை காணும் முறை

பேச்சு காற்றில் பிறந்து காற்றிலேயே மறைவது. அதன் சொற்களை எழுத்து பிடித்து நிறுத்தும். குரலைப் பிடிக்க எழுத்தால் இயலாது. ஒரு மூதாட்டி பாடும் தாலாட்டில் எந்த அசை நீண்டது, எங்கே மூச்சு நின்றது, ழகரம் எவ்வாறு நாவில் உருண்டது என்பவற்றை ஏட்டில் எழுதிக் காட்ட முடியுமோ? முடியாது. அதற்கு ஒலிவாங்கி வேண்டும். அதுவும் பழுதற்ற ஒலிவாங்கி வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த என் பெரியம்மாவிடம் தாலாட்டுப் பாடல்களைப் பதிவு செய்யச் சென்றிருந்தேன். அகவை எண்பதைக் கடந்தவர். என் கையில் இருந்ததோ நானே செய்த ஒலிவாங்கி. மடிக்கணினியை மின்சாரத்தில் இணைத்து, ஒலிவாங்கியை அவர் முன் வைத்தேன். ஐந்து பாடல்கள் பாடினார். வீடு திரும்பிக் கேட்டபோது தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ரீங்காரம். அதன் அடியில் பெரியம்மாவின் குரல், ஆழ்கிணற்றில் யாரோ பேசுவது போல் கேட்டும் கேளாமலும் இருந்தது. குறை என்னவென்று தேடிக் கண்டபோது வெட்கமாகிவிட்டது. ஒரே ஒரு கம்பி தன் இடத்திலிருந்து விலகியிருந்தது, அவ்வளவே.

அந்தக் கம்பியைத் தேடிய முறையை ஆசிரியர்களுக்கும், மாணவரைக் கொண்டு இத்தகைய கருவிகளைச் செய்விக்கும் அறிவியல் மன்றத்தினருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழுதுபட்ட ஒலிவாங்கி முற்றிலும் ஊமையாவது குறைவு. பெரும்பாலும் அது ஏதேனும் ஓர் ஓசை எழுப்பும். அவ்வோசையே நோயின் பெயர். அதைக் கேட்கப் பழகினால் நோய் இருக்கும் இடம் தானே விளங்கும்.

கருவியின் உயிர்நிலை

மின்தேக்கி என்பது ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தகடுகளே. அவற்றில் மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கலாம். இவ்விரண்டில் ஒன்றை அசையாத பின்தகடாக வைத்து, மற்றொன்றை மிக மெல்லிய சவ்வாக இழுத்துக் கட்டினால், அதுவே மின்தேக்கி ஒலிவாங்கி. ஒலி சவ்வின்மீது படும்போது சவ்வு அதிர்கிறது. தகடுகளின் இடைவெளி கூடியும் குறைந்தும் மாறுகிறது. தேங்கிய மின்னேற்றம் மாறாமலிருக்க, இடைவெளி மட்டும் மாறுவதால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. பேச்சின் நிழல் மின்சாரத்தில் விழுகிறது என்று சொல்லலாம்.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்ட் வென்டி என்பவர் இக்கருவியை உருவாக்கி, 1917-ஆம் ஆண்டில் அதுபற்றி ஆய்வுரை வெளியிட்டார். ஒலியைத் துல்லியமாக அளப்பதே அவர் கருத்து. ஆயினும் அதற்கு வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் ஊட்ட வேண்டியிருந்தது. 1962-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் இத்தடையை நீக்கினர். காந்தம் தன் காந்த ஆற்றலை நெடுங்காலம் காத்து வைப்பது போல, மின்னேற்றத்தை நெடுங்காலம் காத்து வைக்கும் பொருள்கள் உள்ளன. அவற்றுக்கு எலக்ட்ரெட் என்று பெயர். டெஃப்லான் போன்ற மெல்லிய படலத்தை எலக்ட்ரெட் ஆக்கிச் சவ்வாகப் பயன்படுத்தியதே அவ்விருவரின் சாதனை. தொலைபேசி முதல் செவித்துணைக் கருவி வரை எத்தனையோ கருவிகளில் இவ்வகை ஒலிவாங்கி இடம்பெற்றது.

வீட்டில் செய்வோரும் இரு வகையினர். எலக்ட்ரெட் சிமிழைக் கடையில் வாங்கிக் கம்பி இணைப்பவர் ஒரு வகை. கடைக்காரர் இதனைக் கேப்சூல் என்பார். சவ்வையும் பின்தகட்டையும் தாமே பொருத்தி, 48 முதல் 60 வோல்ட் வரை ஊட்டிச் செய்பவர் மற்றொரு வகை. முன்னது எளிது, பின்னது பொறுமை வேண்டுவது.

இரண்டிற்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. சிமிழின் மின்தேக்கும் அளவு மிகச் சிறியது. 10 பிகோபாரட் என்று கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் அது காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 32 கோடி ஓம். இத்துணை உயர்ந்த எதிர்ப்புள்ள இடத்தில் விரல் ரேகையின் ஈரமும் மின்சாரம் கசியும் வாய்க்காலாகிவிடும். சுவரில் ஓடும் மின்கம்பியின் சாயலும் ஓசையாகிவிடும். இக்காரணத்தால்தான் சிமிழுக்குள்ளேயே புலவிளைவு டிரான்சிஸ்டர் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அது அந்த நலிந்த மின்னழுத்தத்தைக் கம்பி வழியே அனுப்பத்தக்க வலிமையுள்ளதாக மாற்றுகிறது. அந்த டிரான்சிஸ்டர் வேலை செய்யவே பேட்டரி வேண்டும். எலக்ட்ரெட்டுக்குத் தன் மின்னேற்றம் இருக்க, பேட்டரி எதற்கு என்று வினவும் மாணவனுக்கு இதுவே விடை.

தேடும் ஒழுங்கு

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. கருவிக்கும் அதுவே நெறி. கண்ட கம்பியையெல்லாம் பிடுங்கி ஒட்டுவது மருத்துவம் ஆகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. பயன் இல்லையெனில் பழையபடி வைத்துவிடுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்பது தெரியாமற் போகும்.

தேடலைச் சிமிழிலிருந்து தொடங்காமல், பதிவு செய்யும் கருவியிலிருந்து பின்னோக்கி வருக. முதலில், நன்றாக வேலை செய்யும் வேறோர் ஒலிவாங்கியைச் செருகிப் பாருங்கள். அதுவும் பேசாவிட்டால் குறை கணினியின் அமைப்பில் உள்ளது. நம் ஒலிவாங்கி குற்றமற்றது. அது பேசினால், நம் ஒலிவாங்கியைச் செருகி, அதன் வெளியீட்டு முனையை விரலால் தொடுங்கள். 'உர்' என்ற ஓசை கேட்டால் அம்முனைக்கு அப்பாலுள்ளவை அனைத்தும் நலம். இச்சோதனையைப் பேட்டரியில் இயங்கும் கருவியில் மட்டும் செய்க. வால்வு பொருத்திய ஒலிவாங்கிகளில் 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் ஓடும். அவற்றில் விரல் வைத்தல் தகாது.

முற்றிலும் ஓசை இல்லையெனில்

வீட்டில் செய்யும் எளிய சுற்று இதுவே: 9 வோல்ட் பேட்டரி; அதன் நேர்முனையிலிருந்து 10,000 ஓம் மின்தடை வழியே சிமிழின் ஒலிமுனைக்கு ஓர் இணைப்பு; அதே ஒலிமுனையிலிருந்து 1 முதல் 10 மைக்ரோபாரட் வரையுள்ள மின்தேக்கி வழியே வெளியீடு; சிமிழின் பொதுமுனை பேட்டரியின் எதிர்முனைக்கு. இதில் மல்டிமீட்டரை ஒலிமுனைக்கும் பொதுமுனைக்கும் இடையே வைத்து அளந்தால், பாதி நோய் அங்கேயே வெளிப்படும்.

4 முதல் 7 வோல்ட் வரை காட்டினால் சிமிழின் டிரான்சிஸ்டர் மின்சாரம் பெறுகிறது. குறை பெரும்பாலும் அதற்கு அப்பால்தான். பேட்டரியின் முழு 9 வோல்ட்டும் காட்டினால் சிமிழ் வழியே மின்சாரமே ஓடவில்லை. கம்பி அறுந்திருக்கும், அல்லது டிரான்சிஸ்டர் இறந்திருக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் பேட்டரி தீர்ந்திருக்கும், மின்தடையின் இணைப்பு விட்டிருக்கும், அல்லது ஈயப்பற்று வழிந்து இருமுனைகளையும் ஒட்டியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் அந்த ஈயத்துளி தெரியும்.

முனைகளை மாற்றி இணைத்தல் புதியவர் பெரிதும் செய்யும் பிழை. சிமிழின் பின்புறத்தில் இரண்டு ஈயப் புள்ளிகள் உண்டு. அவற்றுள் எது உலோக உறையோடு மெல்லிய கோடுகளால் இணைந்துள்ளதோ அதுவே பொதுமுனை. மாற்றி இணைத்தால் ஒலி மிக நலிந்தோ சிதைந்தோ வரும், வாராமலும் போகும்.

செருகியிலும் ஏமாற்றம் உண்டு. கைப்பேசியின் செருகியில் நான்கு பகுதிகள் இருக்கும். இன்று பெரிதும் வழங்கும் முறைப்படி நுனி இடச்செவிக்கு, முதல் வளையம் வலச்செவிக்கு, இரண்டாம் வளையம் பொதுமுனைக்கு, அடிப்பகுதி ஒலிவாங்கிக்கு. பழைய கைப்பேசிகள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அன்றியும், கைப்பேசியும் கணினியும் தாமே சிமிழுக்கு வேண்டும் சிறு மின்னழுத்தத்தை ஊட்டுவதுண்டு. அங்கே தனிப் பேட்டரி வேண்டியதில்லை. ஒலிக்கூடக் கருவிகள் ஊட்டும் 48 வோல்ட்டை மட்டும் சிமிழுக்கு நேராகக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான சிறு சிமிழ்கள் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கா.

ரீங்காரம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஆகவே மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். பெரியம்மாவின் குரலை விழுங்கியது இதுவே.

இதற்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, சிமிழின் உலோக உறையை விரலால் தொடுதல். தொட்டவுடன் ரீங்காரம் கூடினாலோ குறைந்தாலோ, உறை பொதுமுனையோடு சரியாக இணையவில்லை. கவசக் கம்பியின் வெளிப்பின்னல் ஒரு முனையில் விட்டுப் போயிருக்கலாம். எனக்கு நேர்ந்தது இதுதான். இரண்டாவது, மடிக்கணினியை மின்சாரத்திலிருந்து பிரித்துப் பேட்டரியில் ஓடவிடுதல். ரீங்காரம் அடியோடு மறைந்தால், அது மின்னூட்டியின் வழியே நுழைந்தது. தொலைவூர்களில் பதிவு செய்யச் செல்வோர் கணினியைப் பேட்டரியிலேயே வைத்துப் பதிவு செய்தல் நன்று.

சிமிழையும் மின்தடையையும் ஒரு சிறிய தகர டப்பாவுக்குள் அடைத்தலும் நல்ல காப்பு. ஆனால் டப்பாவைப் பொதுமுனையோடு ஒரு கம்பியால் இணைக்க மறவாதீர்கள். இணைக்காத தகரம் இரைச்சலைத் தடுப்பதற்கு மாறாக, தானே அதைப் பிடித்து உள்ளே தரும். கைப்பேசியை அருகில் வைப்பதும் தவறு. அதன் வானொலி அலைகள் கம்பியில் புகுந்து விட்டுவிட்டு உறுமும். சிமிழின் இருமுனைகளுக்கிடையே 100 பிகோபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால் அவ்வுறுமல் அடங்கும்.

பொரிதலும் ஈரமும்

எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசை, குறிப்பாக மழைநாளில் கேட்டால், அது ஈரத்தின் வேலை. நம் நாடுகளில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. குளிர்நாட்டு நூல்களைப் பார்த்துச் செய்வோர் இதை எதிர்பார்ப்பதில்லை. சவ்வையும் பின்தகட்டையும் தாமே பொருத்திச் செய்த ஒலிவாங்கியில் இக்குறை மிகுதி. அதில் 100 கோடி ஓம் மின்தடைகள் உண்டு. அவற்றின்மேல் விரல் ஈரமோ, பற்றவைக்கும்போது வழிந்த பசையோ படிந்தால், மின்னேற்றம் கசிந்து கசிந்து பொரியும்.

மருந்து எளியது. மின்சாரத்தை நீக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் மின்தடைகளையும் அவற்றைச் சூழ்ந்த பலகையையும் துடைத்து, நன்கு உலரவிடுக. பின்னர் அவ்விடத்தைக் கையால் தொடாதீர்கள். சவ்வை மட்டும் எதனாலும் துடைக்கலாகாது. அது மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் சில பங்கே தடிப்புடையது. பயன்படுத்தாத வேளைகளில் கருவியைச் சிலிக்கா குருணைப் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்தால், நோய் வாராமலே காக்கலாம்.

பொரிதல் ஈரமில்லாத நாளிலும் தொடர்ந்தால், கம்பியை மெல்ல வளைத்தும் இணைப்புகளைக் குச்சியால் தட்டியும் பார்க்க. தட்டும் இடத்தில் ஓசை வெடித்தால், அங்கே ஈயப்பற்று சரியாகப் பிடிக்கவில்லை. மீண்டும் சூடாக்கிப் பற்றவைக்க வேண்டும். ஆயினும் சிமிழின் முனையில் சால்டரிங் கோலை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் வைக்காதீர்கள். எலக்ட்ரெட்டின் மின்னேற்றம் வெப்பத்தால் குறைந்துபோகும். அப்படி நலிந்த சிமிழுக்கு மருந்தில்லை. புதிதாக வாங்குவதே வழி. நல்லவேளையாக அது விலை மலிவானது.

திடீரென அடங்கிய குரல்

சவ்வைத் தாமே கட்டியவர்க்கு நேரும் தனி நோய் ஒன்றுண்டு. ஒலிவாங்கி நன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும். யாரேனும் உரக்கப் பேசினால் 'தப்' என்ற ஓசையோடு குரல் அடங்கிவிடும். எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கும் தன்மையால், தளர்ந்த சவ்வு பின்தகட்டில் ஒட்டிக்கொண்டது என்பதே இதன் பொருள். மின்சாரத்தை நீக்கிச் சற்று நேரம் விட்டால் சவ்வு விடுபடும். மீண்டும் ஒட்டாதிருக்க, மின்னழுத்தத்தைக் குறைக்கலாம். அல்லது சவ்வை இன்னும் இறுகக் கட்டலாம். மிக இறுகினால் ஒலி நலிந்துவிடும் என்பதையும் அறிக. மத்தளத் தோலை இழுத்துக் கட்டுபவர் காணும் அதே நடுவழியை இங்கும் காண வேண்டும்.

மங்கிய குரலும் இரைந்த குரலும்

போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஒலி மங்கினால், சிமிழின் முன்வாயைப் பசையோ தடித்த துணியோ மூடியிருக்கும். ஒரு திசை ஒலியை மட்டும் வாங்கும் சிமிழ்களில் பின்புறத்திலும் துளைகள் உண்டு. அவற்றை அடைத்துவிட்டால் அச்சிமிழ் எத்திசை ஒலியையும் வாங்கத் தொடங்கும். வகுப்பின் விசிறியும் வெளியே ஓடும் வண்டியும் பாடத்தில் நுழையும்.

'ஸ்ஸ்' என்று ஓயாது கேட்கும் மெல்லிரைச்சல் சிறு சிமிழ்களின் இயல்பு. அதை முற்றும் ஒழிக்க இயலாது. ஆனால் பேசுபவர்க்கும் சிமிழுக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால், குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ இரட்டிக்கும். இரைச்சலோ அப்படியே நிற்கும். எனவே பதிவின் அளவைக் கூட்டுவதைவிட அருகில் வருவதே அறிவுடைமை.

தமிழைக் கொண்டே சோதித்தல்

ஒலிவாங்கியைச் சோதிப்போர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி நிறுத்திவிடுகின்றனர். தமிழாசிரியர்க்கு இதனினும் நல்ல சோதனை கையிலேயே உண்டு.

"அப்பா, தப்பு, பப்பாளி" என்று சொல்லுங்கள். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வரும் பகரம் இதழ் திறக்கும்போது காற்றை வீசி அடிக்கும். அக்காற்று சவ்வின்மேல் படின் 'தொப்' என்று இடிக்கும். "அம்பு, கம்பு" என்பவற்றில் மெல்லினத்தை அடுத்து வரும் பகரம் மென்மையாதலால் அவ்வாறு இடிப்பதில்லை. இடி கேட்டால் ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாமல், ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வைக்க. பூவேலை வளையத்தில் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி இடையே நிறுத்துவதும் நன்று.

அடுத்து "பசி, ஊசி, பாசி" என்க. இவற்றில் வரும் சகரத்தின் உரசல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவி நிற்பது. அது தேய்ந்து கேட்டால் முன்வாய் அடைபட்டிருக்கிறது. இறுதியாக "வலி, வளி, வழி" என்று சொல்லிப் பதிவு செய்து, வேறொருவரிடம் கொடுத்து மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிழையின்றி அவர் எழுதினால் உங்கள் கருவி தமிழுக்குத் தகுதி பெற்றது. எழுதத் தடுமாறினால், கருவியில் இன்னும் குறையுண்டு. அல்லது சொன்னவர் நாவில் குறையுண்டு. எதுவாயினும் அறிந்துகொள்வது நன்றே!

முடிவாக

இரண்டு மாதங்கள் கழித்து, கம்பியைச் செப்பனிட்டு, தகர டப்பாவில் அடைத்து, கணினியைப் பேட்டரியில் ஓடவிட்டு, மீண்டும் பெரியம்மாவிடம் சென்றேன். அவரும் மறுக்காமல் பாடினார். மூன்று பாடல்கள் தெளிவாகப் பதிவாயின. நான்காவதைத் தொடங்கி நிறுத்தினார். "அன்னைக்கு வந்துச்சு ஐயா, இன்னைக்கு வரமாட்டேங்குது," என்றார். எஞ்சிய இரண்டும் பின்னர் எப்போதும் வரவில்லை. அந்தப் பழைய பதிவை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இரைச்சலைக் களையும் மென்பொருள்களும் உதவின. ஆயினும், கிடைத்தவை சில சொற்களே, பாட்டு கிடைக்கவில்லை.

கருவியின் குறையைக் கருவியோடு தனித்திருக்கும்போது காண்பதே முறை. முதியவர் முன் அமர்ந்த பிறகு காண்பதற்கு நேரமில்லை. வீடு திரும்பிக் காண்பதால் பயனில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் மின்னழுத்தத்தை அளந்து, உறையைத் தொட்டுப் பார்த்து, "வலி, வளி, வழி" என்று பேசிப் பதிவு செய்து கேட்டுவிடுங்கள். கால் மணி நேரம் போதும். அங்கே சென்றதும் முதற் பாட்டைப் பதிவு செய்து, அடுத்ததைக் கேட்குமுன், அதை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். தம் குரலைக் கேட்டு அவர் மகிழ்வார். உங்கள் கருவியும் சோதனையில் தேறிவிடும்.